வீட்டில்தானே இருக்கிறாள்

டக் என்று ஒரு சத்தம். நான் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்த புதிதில், முப்பத்தோரு வருஷத்துக்கு முன்னால், காலை ஒன்பதே காலுக்கு என் மாமனார் வாசலில் சைக்கிள் ஸ்டாண்டைக் காலால் தட்டிவிடுகிற சத்தம். பிறகு சக்கரம் கொஞ்ச தூரம் கிறுகிறுக்கும். தெருமுனையில் மணி ஒரே ஒரு தடவை அடிக்கும். மனுஷர் பத்திர ஆபீஸுக்குப் போய்விட்டார். சாயங்காலம் ஆறு மணிக்கு மறுபடியும் ஒரு டக். வந்துவிட்டார். வேலை என்றால் அது தம்பி. போனது நாலு பேருக்குத் தெரிய வேண்டும், வந்தது நாலு பேருக்குத் தெரிய வேண்டும்.

உட்காருங்கள். மாடியைத்தான் பார்த்தாயிற்றே, காப்பி குடித்துவிட்டுப் போகலாம். புரோக்கர் போனில் சொன்னார். சென்னைப் பிள்ளை, எங்கே இருந்தாலும் கம்ப்யூட்டரில் வேலை பார்த்துக்கொள்ளலாமாம், தென்காசிச் சாரலுக்கு ஆசைப்பட்டு வீடு தேடுகிறார் என்றார். எங்கே இருந்தாலும் என்று கேட்டதுமே போனை வைத்துவிடலாமா என்று பார்த்தேன். உங்களைச் சொல்லவில்லை. மேலே சுவரில் மேஜை உரசின தடத்தைப் பார்த்து, முன்னால் யார் இருந்தார்கள் என்று கேட்டீர்கள் இல்லையா? அவளைச் சொல்கிறேன். என் நாத்தனார். லோசனி என்று பெயர். என் வீட்டுக்காரருக்கு ஒரு தம்பி, மதுரையில் வாத்தியார், இவள் கடைசி. முப்பத்தெட்டு வயது. கல்யாணம் வேண்டாம் என்று உட்கார்ந்துவிட்டாள். அது தனிக் கதை, விடுங்கள்.

போன தை மாசத்துக்கு முந்தின தை. பொங்கலுக்கு வந்தவள் இதோ இந்த இடத்தில் உட்கார்ந்து கரும்பைக் கடித்துக்கொண்டே சொன்னாள்.

"மதினி, இனிமே ஆபீஸுக்கு வர வேண்டாம்னு எழுதிக் குடுத்துட்டாங்க. எந்த ஊர்ல வேணும்னாலும் இருக்கலாம். சென்னை வீட்டைக் காலி பண்ணலாம்னு பாக்குதேன். எங்க இருக்கலாம், சொல்லுங்க?"

ஒரு நோட்டு வைத்திருந்தாள். அதில் ஊர் ஊராக எழுதி, ஒவ்வொரு ஊருக்கும் நேரே வெயில் எப்படி, தண்ணீர் எப்படி, கரண்டு எப்படி, நெட் எப்படி என்று கட்டம் போட்டு. கோத்தகிரி. ஏலகிரி. தரங்கம்பாடி. பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளை மாதிரி ஊர்களை வரிசையாக நிறுத்தி வைத்திருந்தாள். நான் அந்த நோட்டை ஒரு தடவைக்கு இரண்டு தடவை புரட்டிப் பார்த்தேன். தென்காசி இல்லை. பிறந்த ஊர் அந்தப் பட்டியலிலேயே இல்லை தம்பி. எனக்கு எப்படி இருக்கும்?

"ஏளா, மாடி சும்மாதான கெடக்கு?" என்றேன்.

"இல்ல மதினி, இது நம்ம ஊருல்லா."

"நம்ம ஊருன்னா?"

"இங்க எல்லாருக்கும் என்னைத் தெரியும்."

இதுவும் ஒரு காரணமா? தெரிந்தவர்கள் நடுவில் இருக்கத்தானே மனுஷன் ஊர் என்று ஒன்று கட்டினான்?

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மாமியார் தவறினதிலிருந்து மாமாவுக்கு முறை வைத்திருந்தோம். சித்திரையிலிருந்து புரட்டாசி வரை எங்களிடம், ஐப்பசியிலிருந்து பங்குனி வரை மதுரையில் கொழுந்தனிடம். எட்டு வருஷமாக அப்படித்தான். ஐப்பசி ஒன்றாம் தேதி மதுரை பஸ்ஸில் ஏற்றிவிட்டால், சித்திரை ஒன்றாம் தேதி அதே பையோடு வந்து இறங்குவார். பெண்பிள்ளைக்கு எங்கள் பக்கம் முறை கிடையாது. அப்பாவைப் பார்ப்பது பையன்மார் கடமை. அந்த வழக்கத்தை நாங்கள் மீறினோம் என்று லோசனி சொல்கிறாள். மீறவில்லை தம்பி. வழக்கம் வந்த காலத்தில் பெண்பிள்ளை வேறு வீட்டுக்குப் போகிறவள். இவள் எங்கேயும் போகிறவள் இல்லையே. மடியில் ஒரு கம்ப்யூட்டர், அதை எங்கே வைத்தாலும் வேலை. அதை அப்பா பக்கத்தில் வைத்தால் என்ன?

நான்தான் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்கு உரக்கடை, காலையில் போனால் பொழுது அடைந்துதான் வருவார், இதையெல்லாம் யோசிக்க நேரம் ஏது? அவர் மதுரைக்குப் போன் போட்டார். இரண்டு அண்ணன்மாரும் பேசினார்கள். பதினைந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது. லோசனி நோட்டை மூடி வைத்துவிட்டு, "கொஞ்ச நாளைக்குத்தான் அண்ணே," என்றாள். எங்கள் வீட்டில் கொஞ்ச நாள் என்றால் கணக்கு எது என்று யாரும் கேட்டுக்கொள்வதில்லை. அவள் சாமான் வந்து இறங்கின ஏழாவது நாள் கொழுந்தன் மாமாவைக் காரிலேயே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். அவருடைய முறையில் இன்னும் இரண்டரை மாசம் பாக்கி இருந்தது. "அதான் லோசனி வந்துட்டாள்லா மதினி," என்றார். நானும் சரிதான் என்றேன்.

மாடியை அவளுக்குக் கொடுத்தோம். வெள்ளை அடித்துக் கொடுத்தோம். அதற்கப்புறம் அந்தக் கண்றாவியைப் பார்க்க வேண்டுமே. மேலே இஸ்திரி போட்ட சட்டை, கீழே நைட்டி. காதில் ஒன்றை மாட்டிக்கொண்டு சுவரைப் பார்த்துச் சிரிப்பாள். யாரோ எவனோ, முகம் தெரியாதவன், அவனோடு இங்கிலீஷில் சிரிப்பு. நான் கொண்டுபோய் வைக்கிற காப்பி அப்படியே ஆறி, மேலே ஆடை கட்டி, அந்த ஆடை சுருங்கி, டம்ளர் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு கிடக்கும். ஒரு நாளைக்கு நாலு டம்ளர். அதைக் கையால் தொட்டுக் கழுவுகிறவள் நான்தான். சீ. சட்டை போட்டவளுக்குப் பாவாடை கட்ட நேரம் இல்லையா? மேல்பாதி கம்பெனிக்கு, கீழ்பாதி வீட்டுக்கு. அவள் இருந்ததும் அப்படித்தான், பாதி மனுஷியாக.

நான் ஒன்றும் பெரிதாக வேலை வாங்கவில்லை. சிலிண்டர் வந்தால் இறக்கி வைக்கணும். மோட்டார் போடணும், நிறுத்தணும். மாமாவுக்குப் பதினோரு மணி மாத்திரை. தெருவில் பிள்ளைகளுக்குக் காலேஜ் பாரம் நிரப்பணும் என்றால் அனுப்பிவைப்பேன். கம்ப்யூட்டர் இருக்கிறதே, ஒரு நிமிஷ வேலை. "மதினி, மீட்டிங்ல இருக்கேன்," என்பாள், ஒரு விரலை உதட்டில் வைத்து. என்னை! பள்ளிக்கூடத்துப் பிள்ளையை அதட்டுகிற மாதிரி விரலை உதட்டில் வைத்து.

பங்குனியில் என் மகளுக்குப் பிரசவம், ஓசூரில். மூன்று மாசம் போய் இருந்தேன். வீட்டையும் மாமாவையும் என் வீட்டுக்காரரையும் அப்படியே அவள் கையில் ஒப்படைத்துவிட்டுப் போனேன். எவ்வளவு நம்பிக்கை இருந்தால் அப்படிப் போவேன், சொல்லுங்கள். திரும்பி வந்தால் ஒரு நன்றி இல்லை. "போயிட்டு வந்துட்டீங்களா மதினி," என்றாள், பஸ் ஸ்டாண்டில் பார்த்த ஆளிடம் கேட்கிற மாதிரி. மெலிந்திருந்தாள். வேளைக்குச் சாப்பிடுவதில்லை, அதுதான். சமைக்கிறவள் அவள்தானே, சாப்பிட வேண்டியதுதானே?

இந்த மூன்று மாசத்தில் மாமாவும் கெட்டுப்போயிருந்தார். எழுபத்தொன்பது வயது. காலை ஒன்பதரைக்குச் சவரம் செய்து, முழுக்கைச் சட்டை போட்டு, பையில் பேனா குத்தி, பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து மாடி ஏறுவார். எங்கே என்று கேட்டால் ஆபீஸுக்கு என்பார். மேலே அவள் மேஜைக்குப் பக்கத்தில் ஒரு மர நாற்காலி. அதில் உட்கார்ந்து பேப்பர் படிப்பார். அவள் பாட்டுக்கு அவள் வேலை, இவர் பாட்டுக்கு இவர் பேப்பர். ஒரு மணி வரைக்கும் ஒரு பேச்சு கிடையாது. நான் போய் ஒளிந்து நின்று கேட்டிருக்கிறேன், ஒரு வார்த்தை கிடையாது. அப்பாவும் மகளும் பேசாமல் உட்கார்ந்திருப்பதில் என்ன இருக்கிறது? என்னிடம் பேசலாமே. நான் கீழேதானே இருந்தேன்.

ஒரு நாள் அரைக்கிற மாவுக்கு உளுந்து தீர்ந்துவிட்டது, கடைக்கு அனுப்பலாம் என்று மாடி ஏறினேன். மாமா நாற்காலியைத் தூக்கிப் படி உச்சியில் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"என்னம்மா?"

"லோசனியக் கூப்பிடணும் மாமா."

"ஒரு மணிக்கு வா. ஆபீஸ் நடக்கு."

"வீட்டுக்குள்ள என்ன மாமா ஆபீஸ்?"

"பதிவு நடக்கையில உள்ள யாரையும் விட மாட்டோம். உனக்கும் அதேதான்."

இந்த வீட்டுக்கு வாழ வந்து முப்பது வருஷம் ஆன மருமகளைப் படியில் நிறுத்தித் திருப்பி அனுப்பினார் தம்பி. கையில் உளுந்து டப்பாவோடு இறங்கி வந்தேன்.

ஆவணி மாசம். அடுப்பில் குழம்பு கொதிக்கிறது, ஒரு போன். தெரியாத நம்பர். ஒரு அம்மாவின் குரல், மெதுவாக, சர்ச்சில் பேசுகிற மாதிரி.

"தரங்கம்பாடியில இருந்து பேசுறேங்க. எஸ்தர், ரிட்டயர்டு டீச்சர். லோசனிங்கிற பொண்ணு எங்க வீட்டு மேல்பகுதிய வாடகைக்குக் கேட்டிருக்கு. வீட்டுப் பெரியவங்க நம்பர் குடும்மான்னு கேட்டேன், அண்ணின்னு உங்க நம்பரக் குடுத்துச்சு. தனியா இருக்கப்போற பொண்ணு, அதான் ஒரு வார்த்தை கேட்டுக்கலாமேன்னு."

அடுப்பை அணைத்தேன். எங்களிடம் ஒரு வார்த்தை இல்லை, வேறு ஊரில் வீடு பார்த்தாயிற்று. மலை இருக்கிறது, அருவி இருக்கிறது, உலகமே பஸ் பிடித்துச் சாரலுக்கு இங்கே வருகிறது, இவள் உப்புக்காற்றுக்குப் போகிறாள்.

"என்னங்க வேலை பாக்குது உங்க நாத்தனார்?"

"வேலை ஒண்ணும் இல்லைங்க," என்றேன். "சும்மா வீட்லதான் இருக்கா. அப்பாவப் பாத்துக்கிட்டு."

"கம்பெனியில வேலைன்னு சொல்லுச்சே?"

"என்னத்தையோ தட்டிக்கிட்டு இருப்பா. வெளிய எங்கயும் வேலைக்குப் போகல."

"அப்படிங்களா, சரிங்க," என்று வைத்துவிட்டார்.

இதில் என்ன பொய் இருக்கிறது? சொல்லுங்கள். வீட்டில்தானே இருந்தாள்? தெருவிலும் நான் அப்படித்தான் சொல்லி வைத்திருந்தேன், அப்பாவுக்காக வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறாள் என்று. அவளுக்கு அதில் பெருமைதானே? எதிர்வீட்டு அம்மா கோயிலில் அவளைப் பார்த்து, புண்ணியவதி என்று கன்னத்தைத் தடவினார். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மறுநாள் நடுப்பகலில் இறங்கி வந்தாள். மேல்பாதிச் சட்டையோடுதான்.

"மதினி, எஸ்தர் டீச்சர் போன் பண்ணாங்களா?"

"பண்ணாங்க."

"எனக்கு வேலை இல்லைன்னு சொன்னீங்களா?"

"உள்ளதச் சொன்னேன்."

"வீடு இல்லைன்னுட்டாங்க மதினி. வேலை இருக்குன்னு பொய் சொல்லி வீடு கேக்குற பொண்ணுக்கு எப்படிக் குடுக்குறதுன்னு கேக்காங்க. பதினாலு வருஷமா வேலை பாக்குதேன். நீங்க தினம் காப்பி கொண்டாந்து வைக்கீங்க. நான் மேல என்ன செய்யுதேன்னு நெனச்சீங்க?"

"ஏளா, கத்தாத."

அவள் கத்தவே இல்லை. அதுதான் எனக்குப் பிடிக்காதது. சண்டை என்றால் சத்தமாகப் போட வேண்டும், போட்டுவிட்டு மறந்துவிட வேண்டும். இவள் மீட்டிங்கில் பேசுகிற அதே குரலில் பேசினாள். ஒவ்வொரு சொல்லும் துடைத்து வைத்த எவர்சில்வர் மாதிரி.

"எட்டு மாசமாச்சு மதினி. கொஞ்ச நாள்னு சொன்னேன். அப்பா முறை புரட்டாசியோட முடியுது. மதுரை அண்ணன் வந்து கூட்டிட்டுப் போவான்லா? நான் அன்னைக்குக் கெளம்பணும். கெளம்புறதுக்கு எனக்கு அந்த ஒரு வீடுதான் இருந்துது."

"அதான் நீ வந்தப்புறம் முறையே இல்லைன்னு ஆயிட்டே," என்றேன். வாய் தவறி இல்லை. எல்லாருக்கும் தெரிந்ததைத்தான் சொன்னேன். அவளுக்குத் தெரியாதா என்ன? ஆனால் அவள் அப்போதுதான் கேட்கிற மாதிரி என்னைப் பார்த்தாள். என்ன நடிப்பு என்கிறீர்கள்.

மாமா ஊஞ்சலில் இருந்தார். எல்லாம் கேட்டிருக்கிறார். எழுந்து போய் நாலு வெள்ளைத் தாள் எடுத்து, ஸ்கேல் வைத்து ஓரம் மடித்து, எழுத உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாள் எழுதினார், அடித்து அடித்து. மூன்றாம் நாள் நல்ல பிரதி எடுத்தார். பதிவுத் தபாலில் அனுப்ப அவரே நடந்து போனார். அடித்த தாளை நான் குப்பையிலிருந்து எடுத்துப் படித்தேன். பத்திரம் எழுதுகிற மாதிரியே எழுதியிருந்தார் தம்பி. தென்காசி ஆவுடையப்பன் ஆகிய நான் என் சுயநினைவோடும் முழுச் சம்மதத்தோடும் எழுதுவது யாதெனில். மேற்படி லோசனி என் மகள். மேற்படியாள் தினமும் காலை ஒன்பதரை முதல் உத்தியோகத்தில் இருப்பதை நான் எட்டு மாத காலமாகக் கூடவே இருந்து நேரில் பார்த்து வருகிறேன். தாங்கள் வீடு கொடுக்கும் பட்சத்தில் மேற்படியாளுடன் நானும் குடியிருந்து வருவேன்.

நேரில் பார்த்து வருகிறாராம். அப்போ நாங்கள் எல்லாம் எதைப் பார்த்தோம்?

அந்த டீச்சரம்மா லோசனியையே கூப்பிட்டு, அப்பாவும் வருகிறார் என்றால் சரி என்று சொல்லிவிட்டார். லோசனி மாமாவிடம் போய் நின்றாள். "நீங்க எனக்காக வர வேண்டாம்ப்பா, நான் வேற வீடு பாத்துக்கிடுதேன்," என்றாள். "உனக்காகன்னு எவன் சொன்னான்? எனக்கு அந்த நாற்காலி தோதா இருக்கு," என்றார். அப்பாவும் மகளும் சிரித்தார்கள். எட்டு மாசத்தில் அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் வீட்டுக்காரரை நான்தான் கடையிலிருந்து வரவழைத்தேன். கொழுந்தனும் மதுரையிலிருந்து வந்தார். இரண்டு பேரும் எதிரே நின்றார்கள்.

"ஊரு என்னப்பா சொல்லும்? ரெண்டு பையன் இருக்கையில மக வீட்ல போயி இருந்தா?"

"நான் மக வீட்டுக்குப் போகல. வாடகை வீட்டுக்குப் போறேன்."

"முறைன்னு ஒண்ணு வச்சிருக்கோம்லாப்பா?"

"முறை வச்சது நீங்க ரெண்டு பேரு. நான் அதுல கையெழுத்துப் போடல."

முப்பத்தாறு வருஷம் பத்திர ஆபீஸில் இருந்த புத்தி. பெற்ற பிள்ளைகளிடம் கையெழுத்துப் பேச்சு. கொழுந்தன் தண்ணீர் கேட்டார். என் வீட்டுக்காரர் கடைக்குப் போய்விட்டார். நான் மட்டும் கேட்டேன், மாமா, உங்களுக்கு நான் என்ன குறை வைத்தேன் என்று. இருபது வருஷம் உங்கள் மாமியாருக்கும் உங்களுக்கும் ஆக்கிப் போட்ட கை, என்று. இல்லை, உங்கள் சம்சாரத்துக்கும் உங்களுக்கும். கோபத்தில் வாய் குழறிவிட்டது. "குறை ஒண்ணும் வைக்கலம்மா. நீ நல்லாத்தான் பாத்த. எட்டு வருஷத்துல என்கிட்ட யாரும் உங்களுக்கு எங்க இருக்க ஆசைன்னு ஒரு தடவை கேக்கல, அவ்வளவுதான்," என்றார். கேட்க என்ன இருக்கிறது? பெரியவர்களிடம் போய் எங்கே இருக்க ஆசை என்று கேட்பார்களா? அது துரத்துகிற மாதிரி ஆகாதா?

புரட்டாசி முடிகிறதுக்கு நாலு நாள் முன்னால் போய்விட்டார்கள். ஐப்பசி பிறக்கட்டும் என்று கூடக் காத்திருக்கவில்லை.

அன்றையிலிருந்து மாடி பூட்டிக் கிடக்கிறது. கீழே நான் மட்டும்தான் பகல் முழுக்க. ஃபேன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு. முதல் ஒரு மாசம் பதினோரு மணிக்குக் கால் தானாக மாத்திரை டப்பா பக்கம் போகும். இப்போது போவதில்லை. ஒரு தடவை ஃபோட்டோ அனுப்பினாள். பால்கனியில் மாமா, முழுக்கைச் சட்டை, பின்னால் கடல். அழித்துவிட்டேன். கடல் என்ன கடல், அழுக்குத் தண்ணீர். பாத்திரம் கழுவின தண்ணீரைக் கொட்டின மாதிரி ஒரு நிறம்.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். மாடி பிடித்திருக்கிறதா? நெட் கம்பி அவள் இழுத்தது அப்படியே இருக்கிறது. மோட்டார் சுவிட்சு மாடிப்படிக்குக் கீழே. நீங்கள் வீட்டில்தானே இருப்பீர்கள், காலையில் போட்டு நிறைந்ததும் நிறுத்திவிட்டால் போதும். சிலிண்டர்க்காரன் வந்தால் ஒரு கை பிடிக்கணும். நான் ஓசூர் போனால் வாசல் சாவி உங்களிடம் இருக்கட்டும். வேறு ஒன்றும் தொந்தரவு கிடையாது. போகும்போது உங்கள் அம்மா நம்பரை எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் தம்பி. பையன் என்ன வேலை பார்க்கிறான் என்று நானும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ள வேண்டாமா?

என்ன, எழுந்துவிட்டீர்கள்? யோசித்துச் சொல்கிறீர்களா? சரி, யோசியுங்கள்.

மாமாவா? நன்றாகத்தான் இருக்கிறாராம். போன மாசம் எங்கள் ரேஷன் கார்டிலிருந்து அவர் பெயரை எடுத்துவிட்டார்கள். தரங்கம்பாடியில் புதுக் கார்டு வாங்கிவிட்டார்கள். அதில் இரண்டு பெயர். குடும்பத் தலைவர் லோசனி.